வேலி தாண்டிய பச்சோந்தி யாருடையது?

அயல்நாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள ஒன்றிய அரசு தந்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதியுடன் முடிவடைந்தது. அந்தத் தேதி நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் பெருகின. கிளி வளர்ப்போரின் ஐயங்கள் ஒருபுறம் இருக்க, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரக் கடிதங்கள் வேறொரு குழப்பத்தைச் சுமந்து வந்தன: வளர்ப்பவர் வீட்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பச்சோந்தி பக்கத்துச் சவுக்குத் தோப்பில் ஏறிவிட்டால் அதைத் தேடிப் போகலாமா, தோப்புக்காரரைக் கேட்க வேண்டுமா, பிடித்தவருக்கே அது சொந்தமாகிவிடுமா? பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறை ஏற்கெனவே போதுமான அளவு அச்சாகிவிட்டதால், இந்தக் கட்டுரை அதை விட்டுவிட்டு, விதிகளை எழுதியவர்கள் எட்டிப்பார்க்காத வேலிக்கு அப்பாலுள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறது.

சட்டத்தின் பார்வையில் அயல் உயிரினம் எது?

2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள விலங்குகளுக்கே பதிவு கட்டாயம். அந்த அட்டவணையோ, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்று பின்னிணைப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஆகவே ஓர் உயிரினம் தன் தாயகத்தில் அழிவை நோக்கிச் செல்கிறதா என்பதை அந்தப் பட்டியல் கேட்கிறதே தவிர, அது இங்குள்ள ஏரியிலோ தோப்பிலோ பெருகி உள்ளூர் உயிர்களை நெருக்குமா என்பதைக் கேட்பதில்லை. வளர்ப்புக் கடைகளில் மலிவாக விற்று, வளர்ந்து பெரிதானதும் குளங்களில் கொட்டப்படும் சிவப்புக் காது ஆமை அந்தப் பின்னிணைப்புகளில் இல்லாததால் அதற்குப் பதிவே தேவையில்லை. ஏமன், மடகாஸ்கர் பச்சோந்திகளுக்கு உண்டு. பதிவுமுறை அயல் உயிரினப் பரவலைத் தடுக்கும் என்ற அதிகாரப்பூர்வ விளக்கத்தைப் படிப்பவர்கள், இந்த ஒரு முரணையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பரவலைத் தடுப்பதற்கென்றே 62அ என்ற பிரிவு அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘ஆக்கிரமிக்கும் அயல் இனம்’ என்று அரசு அறிவிக்கை வெளியிடும் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை ஆகியவற்றைத் தடைசெய்யவும், கைப்பற்றி அழிக்கவும் அது அதிகாரம் தருகிறது. ஆனால் அறிவிக்கை வெளியிடப்பட்ட இனத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், தப்பியோடிய ஒரு புதிய இனத்தை முதல் நாள் மரக்கிளையில் பார்ப்பவருக்கு அந்தப் பிரிவால் உடனடிப் பயன் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொரு வரையறையில் இருக்கிறது. திருத்தப்பட்ட சட்டத்தின்படி ‘வனவிலங்கு’ என்பது முதல் அல்லது இரண்டாம் அட்டவணையில் குறிப்பிடப்பட்டு இயற்கையில் காணப்படும் விலங்கு. வேட்டைத் தடை பொருந்துவதும் அவற்றுக்குத்தான். தப்பிய ஏமன் பச்சோந்தி நான்காம் அட்டவணைக்காரர் என்பதால், கூண்டுக்குள் இருக்கும்வரை அது பதிவுக்குரிய உடைமை. வேலியைத் தாண்டி வேப்பங்கிளையில் ஏறிய பின்னும் அது சட்டத்தின் கண்ணில் வனவிலங்கு ஆகிவிடுவதில்லை. அதைக் கண்டெடுத்து வீட்டில் வைத்துக்கொள்பவர் புதிய உடைமையாளராகி, 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கக் கடமைப்படுகிறார். அந்த உயிர் சட்டத்துக்கு முரணாகப் பெறப்படவில்லை என்று அதிகாரி திருப்தி அடைந்தால் பதிவு கிடைக்கும் என்கிறது 49எம் பிரிவு. தோப்பில் கண்டெடுத்த ஒன்றின் பூர்வீகத்தைப் பற்றி எந்த ஆவணத்தைப் பார்த்து அந்தத் திருப்தி ஏற்படும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. 2020இல் வந்த தானாக முன்வந்து அறிவிக்கும் திட்டத்தில், ஆறு மாதங்களுக்குள் அறிவித்தவர்களிடம் ஆவணமே கேட்கப்படவில்லை. 32,645 பேர் அப்போது அறிவித்தனர். வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் இன்றைய பதிவேடு எழுந்து நிற்கிறது.

உத்திரமேரூர்த் தோப்பில் டார்ச் ஒளிக்குச் சிக்குவது எது?

பச்சோந்தியைப் பகலில் தேடுவது வீண் வேலை என்பதும், இரவில் அது தானாகவே காட்டிக்கொடுத்துக்கொள்ளும் என்பதும் உலகம் முழுவதும் அதைத் தேடுவோர் அறிந்தவை. பாம்பு ஏறி வந்தால் கிளை அசைவிலேயே விழித்துக்கொள்ள வசதியாக அது மெல்லிய நுனிக்கிளையில், வாலைச் சுருட்டிக்கொண்டு, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் குச்சியை இறுகப் பற்றியபடி உறங்குகிறது. உறக்கத்தில் அதன் நிறம் வெளிறிவிடுவதால், டார்ச் ஒளி பட்டதும் இலைகள் கறுத்து நிற்க உடல் மட்டும் வெளிர்பச்சையாகப் பளிச்சிடும்.

ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புதர்க்காட்டிலும் வேலியோரத்திலும் இப்படிப் பளிச்சிடுவது பெரும்பாலும் இந்தியப் பச்சோந்தியாகவே இருக்கும்; இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனமும் அதுதான். அதைப் பிடிப்பதும், கொல்வதும், ‘அடையாளம் பார்க்க’ என்று வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். ஏமன் பச்சோந்திக்குத் தலைமேல் உயர்ந்து எழுந்த கொண்டை போன்ற அமைப்பும், ஆணாக இருந்தால் பின்னங்கால் குதியில் சிறு முள்ளும், உடலில் செங்குத்துப் பட்டைகளும் இருக்கும். இந்திய இனத்தின் தலைக்கொண்டை அவ்வளவு உயர்வதில்லை. இளம் பருவத்தில் இந்த வேறுபாடுகள் தெளிவாகத் தெரியாது என்பதால், ஐயம் உள்ளவர் தொடாமல் படம் எடுத்து வனத்துறையினரிடம் காட்டுவதே பொருத்தம். கழுத்து சிவந்த ஓணானைப் பச்சோந்தி என்று அடிப்பவர்கள் இன்னும் குறையவில்லை என்பது வேறு வருத்தம்.

அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கலாமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, குற்றம் செய்யவோ, நிலத்தை அனுபவிப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ கருதி நுழைவதைக் குற்றமுறு அத்துமீறல் என்கிறது; தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பச்சோந்தி தேடுபவருக்கு அத்தகைய கருத்து இல்லை என்று வாதிடலாம்தான். ஆனால் நள்ளிரவில் பம்பு செட் அருகே டார்ச்சுடன் நிற்கும் அந்நியரின் கருத்தை, மோட்டார் கேபிள் திருட்டைக் கண்டு சலித்த விவசாயி எப்படிப் புரிந்துகொள்வார் என்பதற்கு எந்தச் சட்டப் புத்தகமும் தேவையில்லை. சிவில் வழக்குக்கோ கருத்தே தேவையில்லை. அனுமதியின்றி நுழைந்தது போதும்.

யாரிடம் கேட்பது என்பதுதான் நடைமுறையில் சிக்கல். பட்டா நிலம் என்றால் பட்டாதாரர், குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரர். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை. ஏரி என்றால் நீர்வளத் துறை. ஏரிக்குள் வனத்துறை நட்ட கருவேல மரங்கள் என்றால் வனத்துறை. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையும் ஊராட்சியும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்து, அவற்றுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பராந்தகச் சோழன் காலத்தில் 921இல் கல்லில் வெட்டிவைத்த இதே உத்திரமேரூரில், இன்று ஒரே ஏரிக்கரையில் நான்கு அலுவலகங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடும் திறமை எவ்வளவு இருந்தாலும் நுழையும் உரிமையே எல்லையை வகுக்கும் என்பதற்கு இப்பகுதியோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த (இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்ட) வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கு வளர்ப்புப் பிராணிகளாக வந்து சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கும் வேலையில், இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளை, அவற்றில் 16 அடி நீளப் பெண் பாம்பு ஒன்றையும் சேர்த்து, அவர்கள் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தடமும் எச்சமும் சட்டையும் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அவர்களது அறிவு புகழப்பட்ட அளவுக்கு, அவர்கள் தேடியது அரசு அழைப்பின் பேரில் அரசின் அனுமதி உள்ள நிலங்களில் என்பது பேசப்படவில்லை. இங்கேயும் இருளர்கள் வரப்புகளில் எலியும் பாம்பும் தேடுவது நிலக்காரரின் ஒப்புதலோடுதான். எலி குறைவதில் அவருக்கும் ஆதாயம் உண்டு என்பதால் அந்த ஒப்புதல் கேட்காமலே கிடைப்பது போலத் தோன்றுகிறது.

வேலியே காவலாகும் விநோதம்

அதே புளோரிடாவில் பச்சோந்திகளின் கதை மலைப்பாம்பின் கதைக்கு நேர்மாறாகப் போகிறது. ஏமன் பச்சோந்திகள் 2002இல் போர்ட் மையர்ஸ் பகுதியில் காட்டு நிலையில் வாழ்வது கண்டறியப்பட்டது. மடகாஸ்கரின் பெரிய இனமான ஊஸ்தலே பச்சோந்தி புளோரிடா சிட்டி அருகிலும், சிறுத்தைப் பச்சோந்தி பிரவார்டு வட்டத்திலும் பிற்பாடு பதிவாயின. அம்மாநில விதிப்படி அயல் ஊர்வனவற்றை, நில உரிமையாளர் அனுமதித்தால், தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் உரிமம் இன்றிப் பிடிக்கலாம். 2021இல் மலைப்பாம்புகள், டெகு, பச்சை இகுவானா போன்றவை தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டபோது பச்சோந்திகள் சேர்க்கப்படவில்லை. ஆக, மலைப்பாம்பைப் பிடித்தால் அரசு பணம் தருகிறது. பச்சோந்தியைப் பிடித்தால் சந்தை பணம் தருகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தந்திரம் முழுவதும் பிறக்கிறது.

ஒரு ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடும் ஏமன் பச்சோந்தியைக் கூண்டில் வளர்க்கச் செலவும் உழைப்பும் அதிகம். சில ஜோடிகளை யாரும் கவனிக்காத ஒரு தோப்பிலோ மரங்கள் அடர்ந்த சாலையோரத்திலோ விட்டுவிட்டால், தீனியும் வெப்பமும் இலவசம். பெருகிய பின் இரவில் டார்ச்சோடு போய்த் தேவையானவற்றைப் பறித்து வந்து விற்கலாம். பட்டியும் மேய்ப்பனும் இல்லாமல் ஆடு வளர்ப்பது போன்ற இந்த வழக்கத்தை அங்கே ‘ராஞ்சிங்’ என்கிறார்கள். அயல் இனத்தை அனுமதியின்றி வெளியில் விடுவது அங்கே குற்றம். ஆனால் விட்டவரைக் கையும் களவுமாகப் பிடித்தாலன்றி, அந்த இரவு உலாவி பச்சோந்தியை அகற்ற வந்த நல்லவரா, அறுவடைக்கு வந்தவரா என்று பிரித்தறிய வழியில்லை. இருவர் கையிலும் ஒரே டார்ச்; இருவர் பையிலும் ஒரே பச்சோந்தி.

இங்கே சொத்துரிமை செய்யும் வேலைதான் கவனிக்கத்தக்கது. பச்சோந்திகள் வாழும் இடத்தை அறிந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை; சொன்னால் ஊரே வந்து தோப்புக்காரரைத் தொல்லைப்படுத்தும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் அதே மௌனம் விட்டு வளர்ப்பவரின் தொழில் ரகசியத்தையும் காக்கிறது. ‘தனியார் நிலத்தை மதியுங்கள்’ என்ற அறிவுரையை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறார். கடைப்பிடிக்காதவர் உள்ளே போகிறார். இடையில் பச்சோந்தி முட்டையிடுகிறது. சட்டத்துக்கு அடங்குவோரை மட்டுமே தடுக்கும் வேலி, மீறுவோருக்கு இலவசக் காவலாக மாறிவிடுகிறது.

ஹவாய் தீவுகள் இந்தப் பாடத்தை முன்பே கற்றன. 1972இல் ஓவாஹு தீவின் கனேயோஹேயில் வளர்ப்புப் பிராணி வணிகர் ஒருவர் கென்யாவிலிருந்து வரவழைத்த ஜாக்சன் பச்சோந்திகள், பயணக் களைப்புத் தீர அவருடைய தோட்டத்தில் விடப்பட்டு, அங்கிருந்து பரவின. தனியார் தோட்டமே வாயிலாக இருந்த அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஹவாயின் சட்டம் வேறு வழியை எடுத்தது: கட்டுப்படுத்த வேண்டியதென அடையாளம் காணப்பட்ட ஆக்கிரமிப்பு இனம் தனியார் நிலத்தில் இருந்தால், உரிமையாளருக்கு நியாயமான முன்னறிவிப்பு தந்து அரசுத் துறை நுழையலாம், மறுத்தால் நீதிமன்ற ஆணை பெற்று நுழையலாம். உரிமையாளரின் கதவைத் தட்டும் கடமையும், தட்டிய பின் நுழையும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன. இந்தியச் சட்டத்திலோ வன அதிகாரியின் சோதனை அதிகாரம் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருக்கும்போதுதான் எழுகிறது; தப்பிய அயல் பச்சோந்தி தோப்பில் உட்கார்ந்திருப்பது தோப்புக்காரரின் குற்றம் அல்ல. பதிவேட்டில் எத்தனை ஆயிரம் பெயர்கள் ஏறினாலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கும். பன்னாட்டு விமானங்களில் பையில் அடைத்து ஊர்வனவற்றைக் கொண்டுவருவோர் சென்னை விமான நிலையத்தில் மீண்டும் மீண்டும் சிக்கும் காலத்தில், தோப்புக்கும் சந்தைக்கும் இடையிலான அந்தக் கணக்கை இங்குள்ள யாரும் போட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று நம்புவது கடினம்.

மற்ற கேள்விகள்

தப்பியதைத் தேடி உரிமையாளரே பக்கத்து நிலத்தில் நுழையலாமா? பச்சோந்தி அவருடையது என்பது நிலத்துக்குள் நுழைய அனுமதி ஆகாது.

வாய்மொழி அனுமதி போதுமா? சட்டப்படி போதும்; ஆனால் இரவில் போவதானால் எழுதி வாங்குவதும், பக்கத்து நிலத்தாருக்கும் சொல்லிவைப்பதும் உடம்புக்கு நல்லது.

பிடித்த அயல் பச்சோந்தியை ஏரிக்கரையில் விடலாமா? கூடாது.

கொன்றுவிடலாமா? இந்திய இனமாக இருந்துவிட்டால் வழக்கு வரும் என்பதால், அடையாளம் உறுதியாகும்வரை கை வைக்காதிருப்பதே அறிவு.

2024 ஆகஸ்ட் 28க்குப் பிறகு அயல் பச்சோந்தி கைக்கு வந்தால்? 30 நாள் விதி தொடர்கிறது. ‘தோப்பில் கிடைத்தது’ என்ற பதில் அதிகாரிக்குத் திருப்தி தருமா என்பதை விண்ணப்பிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.