குண்டு பல்பு போன பிறகு

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி மீது உறைபனி படியும். அதே ஊரில், வீட்டு மேசை மேல் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பைட்டர் மீன் வளர்க்கிறார்கள். தாய்லாந்து, கம்போடியா பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் அது. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீர்தான் அதற்குச் சுகம். சென்னை கொளத்தூர்க் கடைகளில் வாங்கும்போது இந்தக் கவலையே வராது. அங்கே மார்கழியிலும் தண்ணீர் பெரிதாகச் சில்லிடுவதில்லை. மலை ஏறியதும் மீன் தவிக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தவிப்பைக் கொஞ்சமாவது தணித்தது குண்டு பல்பு. தொட்டியின் மரமூடிக்குள் 40 வாட், 60 வாட் பல்பை வெளிச்சத்துக்காகத்தான் மாட்டினார்கள். ஆனால் அந்தப் பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகவே வெளியேறும். யாரும் திட்டமிடாமலே தண்ணீர் வெதுவெதுப்பானது. சிலர் கிண்ணத்தைப் பழைய டிவி பெட்டியின் மேலேயே வைத்தார்கள். அதுவும் சூடாகத்தான் இருக்கும். குறைகளும் உண்டு. விடிய விடிய பல்பு எரிந்தால் மீனுக்கு இருட்டே இல்லை. அணைத்துவிட்டால் விடியும்போது தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும். கொதிநீரைக் கலந்தவர்களும் இருந்தார்கள். திடீரென்று ஏறும் சூடும் மீனுக்குக் கேடுதான்.

இன்று மூடிக்குள் எரிவது எல்இடி. மின்சாரம் மிச்சம், வெளிச்சம் பிரமாதம்; கதகதப்பு மட்டும் போய்விட்டது. விளக்கு எரிகிறதே, மீன் நன்றாகத்தான் இருக்கும் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். மீனோ அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, துடுப்பை ஒடுக்குகிறது, இரை எடுப்பதில்லை. மீனின் உடல்சூடு தண்ணீரின் சூட்டையே பின்பற்றுவதால், குளிரில் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகின்றன. சில நாளில் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெண்புள்ளி நோய் வரவும் கூடும்.

கிண்ணம் சிறியதாக இருப்பதே பெரிய கேடு. தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் தண்ணீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். வெப்பம் வெளியேறும் பரப்போ நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால்தான் கிண்ணத்துத் தண்ணீர் அத்தனை வேகமாக ஆறுகிறது. வயலின் சிறிதளவு தண்ணீரிலேயே வாழும் மீன்தானே என்று சொல்லி விற்கிறார்கள். அந்த வயல் வெப்பநாட்டு வயல் என்பதைச் சொல்வதில்லை.

தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் தெர்மோஸ்டாட் ஹீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. வந்த மாற்றங்களில் மீனுக்கு நல்லது செய்தது இதுதான். தெர்மோஸ்டாட் இல்லாத மலிவுச் சரக்கைக் கிண்ணத்தில் போடாதீர்கள். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சூடேறி மீனை வேகவைத்துவிடும். மூடியும் அவசியம். பைட்டர் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும் மீன்; அங்கே நிற்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அதே சூட்டில் இருக்கும் புதுத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மின்வெட்டு நேரத்துக்குச் சுற்றிலும் தெர்மோகோல் வைத்தால் சூடு சில மணி நேரம் தங்கும்.

குளிரைத் தாங்கும் கோல்ட்பிஷ்ஷை அந்தக் கிண்ணத்தில் விடலாமே என்று கேட்பார்கள். கூடாது. அது பெரிதாக வளரும் மீன், கழிவும் அதிகம். கிண்ணம் அதற்கும் பற்றாது.

மலையூரில் பைட்டர் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் 20 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஹீட்டரைப் பொருத்துங்கள். ஒரு வாரம், விடியற்காலையில் வெப்பமானியைப் பாருங்கள். 24-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மட்டும் மீன் வாங்கப் போங்கள்.