நூறாண்டு மழை எட்டே ஆண்டில் திரும்பியது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தோண்டிய பள்ளங்களை மூடி, வடிகால் பணியை முடிக்க ஆண்டுதோறும் அதிகாரிகள் குறிக்கும் கெடுவும் நெருங்குகிறது. இந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைத்தான் சொல்கின்றன.

சென்னை வேளச்சேரியில் 20 ஆண்டுக் கடனில் தரைத்தள வீடு வாங்கவிருக்கும் ஒருவர் எழுதுகிறார்: “2015இல் நூறு வருடத்தில் இல்லாத மழை என்றார்கள். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது 47 வருடத்தில் இல்லாத மழை என்றார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்? புரோக்கரைக் கேட்டால், ‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார், அதுதான் 2015லயே வந்துடுச்சே’ என்கிறார். நம்பலாமா?”

நம்பக்கூடாது. ஏன் என்பதற்கு இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அது எந்த நூறாண்டு?

நுங்கம்பாக்கம் மழைமானியின் பதிவுகளில் 1901 டிசம்பரில் ஒரே நாளில் 26 செ.மீ. மழை பெய்திருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பெய்தது 29 செ.மீ. நூறாண்டுக்கு மேல் நின்ற சாதனை முறிந்தது உண்மைதான். ஆனால் அது டிசம்பர் மாதத்துக்கான சாதனை. அதே நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. கொட்டியிருக்கிறது. 2023இல் சொல்லப்பட்ட 47 ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணினால் வந்து நிற்பதும் இந்த 1976இல்தான்.

இடமும் முக்கியம். 2015இல் நுங்கம்பாக்கம் 29 செ.மீ. பெற்ற அதே நாளில் தாம்பரம் பெற்றது 49 செ.மீ. ஆக, “நூறாண்டில் இல்லாத” என்று அறிக்கை வந்தால் எந்த மழைமானி, எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் கேட்காமல் விடக்கூடாது. இவற்றைச் சொல்லாத அறிவிப்பு தகவல் ஆகாது. பொறுப்பிலிருந்து நழுவத்தான் உதவும்.

பொறியாளர்கள் சொல்லும் ‘நூறாண்டு மழை’ முற்றிலும் வேறு. ‘ரிட்டர்ன் பீரியட்’ என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கணக்கில், நூறாண்டு மழை என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை. குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் நூறு ஓலைகள்; ஒன்றில் மட்டும் பெருமழை என்று எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஓர் ஓலை எடுக்கிறோம். எடுத்த ஓலையைத் திரும்பவும் குடத்திலேயே போட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டு பெருமழை ஓலை வந்தது என்பதற்காக இந்த ஆண்டு அது வராமல் இருக்காது. புரோக்கர் சறுக்கும் இடம் இதுதான்: எடுத்த ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டதாக அவர் நினைக்கிறார். 20 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அந்த ஓலை ஒரு முறையாவது வர 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 30 ஆண்டு என்றால் 26 சதவீதம்.

அந்த நூறை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

என்னை உறுத்துவது இந்த இடம்தான். மேலே சொன்ன 18 சதவீதத்தை நம்ப வேண்டுமானால், குடத்தில் ஓலை நூறு என்பதை யாராவது எண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். எப்படி எண்ணுகிறார்கள்?

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைமானியின் 50 ஆண்டுப் பதிவிலிருந்து, ஒவ்வோர் ஆண்டிலும் அதிகம் பெய்த ஒரே ஒரு நாளின் அளவை மட்டும் எழுதுங்கள். 50 எண்கள் கிடைக்கும். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மொத்த ஆண்டுகளுடன் ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் அந்த மழையின் ரிட்டர்ன் பீரியட் வரும். முதலிடத்தில் உள்ள மழைக்கு 51ஐ 1ஆல் வகுத்தால் 51. அது ‘51 ஆண்டு மழை’. நீரியல் மாணவர்கள் முதலில் கற்கும் எளிய முறை இது.

அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய மழை ஒன்று பெய்துவிடுகிறது. நோட்டில் இப்போது 51 எண்கள். முதலிடத்தில் இருந்த மழை இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. 52ஐ 2ஆல் வகுத்தால் 26. நேற்றுவரை ‘51 ஆண்டு மழை’ என்று சொல்லப்பட்டது இன்று ‘26 ஆண்டு மழை’. அன்று பெய்த தண்ணீர் ஒரு சொட்டுகூட மாறவில்லை. மாறியது அதற்கு நாம் ஒட்டிய சீட்டு மட்டுமே. வீட்டுக்கடன் கணக்கில் இதன் விளைவு பெரிது. 20 ஆண்டுக்குள் அந்த அளவு மழையையோ அதற்கு மேலேயோ காணும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 54 சதவீதத்துக்குத் தாவிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 50 ஆண்டு நோட்டில் நூறாண்டு மழை என்ற வரியே கிடையாது. இருக்கும் புள்ளிகள் வழியே ஒரு வளைகோடு வரைந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தையும் தாண்டி நீட்டித்தான் அந்த எண்ணைப் பிடிக்கிறார்கள். கம்பெல் முறை போன்ற நுட்பமான வளைகோடுகள் உண்டு. எந்த முறையானாலும் நுழைவது அதே 50 எண்கள்தான். இந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த தகவலிலிருந்து இவ்வளவு தூரம் போவது கெட்டிக்காரத்தனமே. ஆனால் நல்ல ஆய்வாளர் அந்த எண்ணோடு பிழை வரம்பையும் சேர்த்து எழுதுவார். அமைச்சர் பேட்டிக்கு வந்து சேரும்போது பிழை வரம்பு உதிர்ந்து, ‘நூறு’ மட்டும் நிற்கிறது.

குடத்துக்குள் யாரோ ஓலை சேர்க்கிறார்களா?

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: 1970இல் இருந்த குடமும் இன்றைய குடமும் ஒன்றே. இந்த அனுமானம் செத்துவிட்டது என்று நீரியல் அறிஞர்கள் சிலர் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதாவது குடத்தில் பெருமழை ஓலைகள் கூடக்கூடும்.

அதற்காக ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்டிவிட முடியாது. 2015 டிசம்பர் மழையை ஐஐடி டெல்லி ஆய்வாளரும் இடம்பெற்ற பன்னாட்டுக் குழு ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டது. அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் பங்கு புலப்படவில்லை என்றது அந்த ஆய்வு. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பத்தின் விளைவை ஓரளவு ஈடுகட்டியிருக்கலாம் என்றும் சொன்னது. குடத்தில் ஓலைகள் கூடுகின்றனவா என்பது ஒரு கேள்வி. கையில் வந்த இந்த ஓலை புதிதாகப் போட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பினால் பலன் அடைவது ஒரே தரப்பு: நீர்வழியில் கட்டடம் கட்ட அனுமதி கொடுத்தவர்கள்.

மற்ற கேள்விகள்

*நூறாண்டு மழை என்றால் வெள்ளமும் நூறாண்டு வெள்ளமா?*
இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். ஆற்றின் நீர்மட்டத்தை மழை மட்டும் தீர்மானிக்கவில்லை.

*புதிய வடிகால்கள் நூறாண்டு மழையைத் தாங்குமா?*
தாங்காது, தெரு வடிகால்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்கே வடிவமைக்கிறார்கள்.

*ஒரு நாள் மழை என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையா?*
காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதனால் காலை 8.30ஐத் தாண்டியும் தொடர்ந்து கொட்டும் மழை இரண்டு நாள் கணக்கில் பிரிந்து சிறியதாகத் தெரியும்.

*பள்ளிக்கரணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?*
2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, அதே 20 செ.மீ. மழை தெருவில் இன்னும் உயரமாக நிற்கும்.

*தென் மாவட்டங்களுக்கும் இதே கணக்கா?*
ஆம், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த சுமார் 95 செ.மீ. மழைக்கு, பழைய நோட்டு எதுவும் தயாராக இருக்கவில்லை.

*வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி இருக்கிறதா?*
ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பங்களிப்போடு உருவான ‘சி-ஃப்ளோஸ்’ 2019இல் அறிமுகமானது. அதன் வரைபடங்கள் தெருவாரியாக மக்கள் கைக்கு வர வேண்டும்.

*சரி, அந்த வீட்டை வாங்கலாமா?*
அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள்? இரும்பு கேட்டில் துரு எதுவரை ஏறியிருக்கிறது? எதிர்வீட்டு அம்மாவிடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். 2015க்கும் 2023க்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு முறையும் தண்ணீர் ஏறியிருந்தால், அந்தத் தெருவின் நோட்டில் எட்டே ஆண்டில் இரண்டு வரிகள் விழுந்துவிட்டன. உங்கள் கடனோ 20 ஆண்டு.