பேசாதிருந்த நெசவாளர் பேசிய கதை

ஒரு சங்கத்தின் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் அலுவலகத்து இரும்பு அலமாரியைச் சுட்டிக் காட்டுவோம். தீர்மானப் புத்தகம், பேரேடு, பங்குப் பதிவேடு ஆகிய யாவும் அங்கே இருக்கின்றன என்போம். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. கூலி எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைப் பேரேடு சொல்லும். அக்கூலியில் ஒரு குடும்பம் எவ்வாறு காலந் தள்ளியது என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்ல வல்லவர்கள் தறியில் அமர்ந்தவர்களும் ஏர் பிடித்தவர்களுமே ஆவர். கேட்டு எழுதி வைப்பார் இல்லையேல், அச்செய்தி அவர்களோடு மறைந்து போகும். அவ்வாறு மறைய இருந்த ஒரு சரித்திரத்தைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்று காத்து, உலகத்தார் அனைவரும் கேட்கும்படி செய்திருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வட கரோலினா மாநிலத்துச் செய்தி அது. பருத்தி விளைவிப்போரும் துணி நெய்வோரும் அறிந்து கொள்ளத் தக்கது.

அம்மாநிலத்தின் மேட்டு நிலப் பகுதியைப் பீட்மாண்ட் என்பர். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர், அங்கிருந்த சிறு விவசாயிகள் கையில் ரொக்கம் இன்றித் தவித்தனர். விதை, உரம், உணவுப் பண்டம் ஆகியவற்றைக் கடைக்காரரிடம் கடனாகப் பெற்று, இனி விளையப் போகும் பருத்தியை அவருக்கே ஈடாக எழுதிக் கொடுத்தனர். வட்டி ஏறிற்று, பருத்தி விலை இறங்கிற்று. பலர் நிலத்தை இழந்து குத்தகையாளர் ஆயினர். குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் இல்லாத ஊரில் விவசாயியின் கதி என்னவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1880-க்குப் பின் அப்பகுதியில் நூற்பு ஆலைகளும் நெசவு ஆலைகளும் பெருகின. நிலம் இழந்த குடும்பங்கள் ஆலைகளை நாடி வந்தன. தந்தை நெய்ய, தாய் நூற்க, சிறுவர்கள் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டினர். குடியிருந்த வீடு ஆலை முதலாளிக்கு உரியது; அரிசி பருப்புப் போல் அவர்கள் அன்றாடம் வாங்கிய மாவும் சோளமும் பல ஊர்களில் ஆலைக் கடையினின்றே வந்தன. வேலை போயிற்று என்றால் வீடும் போயிற்று என்பதே பொருள்.

1920-களில் ஆலைகள் கூலியை உயர்த்தாமலே ஒவ்வொரு நெசவாளரும் பார்க்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டின. மனக்குறை ஆண்டுக்கு ஆண்டு முற்றி, 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது. நாட்டின் வடகிழக்குக் கோடி மாநிலமாகிய மெய்னிலிருந்து தெற்கே அலபாமா வரை, ஏறத்தாழ 4 லட்சம் துணி ஆலைத் தொழிலாளர் அதில் கலந்து கொண்டனர். தென் கரோலினாவிலுள்ள ஹனியா பாத் என்னும் சிற்றூரில், செப்டம்பர் 6-ஆம் தேதி, ஆலை வாயிலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எழுவர் உயிரிழந்தனர். மூன்று வாரங்களில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. கலந்து கொண்டவர்களுள் பலருக்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை. பலர் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர்.

அதற்குப் பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அச்சத்தால் அத்தொழிலாளர் வாய் மூடினர். தந்தை மகனுக்குச் சொல்லவில்லை. தாய் மகளுக்குச் சொல்லவில்லை. ஆலைகளில் வளர்ந்த பிள்ளைகளுள் பலர், தம் பெற்றோர் அத்தகைய போராட்டத்தில் நின்றதையே அறியாமல் வாழ்ந்தனர். ஒரு தலைமுறை அனுபவித்த துன்பமும் காட்டிய துணிவும், எரிக்கப்படாமலும் கிழிக்கப்படாமலும், பேசப்படாமையினாலேயே அழியத் தலைப்பட்டன.

1973-இல் சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில், தென் மாநிலங்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வரலாற்றுப் பேராசிரியை ஜாக்குலின் டௌட் ஹால் அதனை முன்னின்று நடத்தினார். 1970-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆலைக் கிராமங்களுக்குச் சென்று, முதியோரின் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து, அவர்கள் பேச்சைப் பொறுமையுடன் கேட்டனர். எத்தனை வயதில் ஆலைக்குள் புகுந்தீர்கள், நோயுற்றபோது யார் உதவினார்கள் என்பன போன்ற எளிய கேள்விகளே பெரிய சரித்திரத்தின் கதவைத் திறந்தன. பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டதையும், அயலார் தம் தோட்டத்துக் காய்கறிகளைப் பகிர்ந்து கொண்டதையும், மாலையில் கூடி இசைத்ததையும் அம்முதியோர் சொல்லினர். இவ்வுரையாடல்களை ஆதாரமாகக் கொண்டு, ‘ஒரு குடும்பம் போல’ எனப் பொருள்படும் தலைப்பில் 1987-இல் ஒரு சிறந்த நூல் வெளிவந்தது. 1934-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஆவணத் திரைப்படம் 1995-இல் வெளிவந்தது. ஹனியா பாத்திலும் அவ்வாண்டிலேயே, இறந்தவர் எழுவருக்கும் நினைவுக் கல் நாட்டப்பட்டது.

ஒலிநாடா நெடுங்காலம் நிலைப்பது அன்று. ஈரத்தாலும் வெப்பத்தாலும் அதன் மேற்பூச்சு கெடும். அதனை இயக்கும் கருவியும் நாளடைவில் கிடைக்காமற் போகும். எனவே பல்கலைக்கழக நூலகம் 500 உரையாடல்களைத் தேர்ந்தெடுத்து, கணிப்பொறியில் பதியத்தக்க மின்னணு வடிவிற்கு மாற்றி, எழுத்துப் படியுடன் இணையத்தில் வைத்தது. அவற்றுள் ஆலைத் தொழிலாளர் பேச்சும் அடங்கும். இன்று ஒரு பேரன் தன் பாட்டியின் குரலை வீட்டிலிருந்தே கட்டணமின்றிக் கேட்கலாம்.

அந்நூலகம் இத்துடன் நின்றுவிடவில்லை. 2010 முதல், அங்கே அமைந்துள்ள மின்னணு மரபு மையம், மாநிலத்துச் சிற்றூர் நூலகங்களும் காட்சிசாலைகளும் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள், பள்ளி ஆண்டு மலர், ஊர்க் கையேடு, புகைப்படம் ஆகியவற்றைப் பெற்று, படியெடுத்து இணையத்தில் வெளியிட்டு, மூலங்களை உரியவரிடமே திருப்பித் தந்து வருகிறது. விலை உயர்ந்த கருவியைத் தனியே வாங்க இயலாத சிறு நிலையங்கள் பல, ஒரு பொது நிலையத்தின் வாயிலாகப் பயன் பெறுகின்றன. பெயர் வேறாயினும் இதன் உயிர் கூட்டுறவே அன்றோ?

மின்னணு வடிவில் மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரே கணிப்பொறியில் உள்ள படி, ஒரே பெட்டியில் உள்ள ஏட்டைப் போன்றதே. ஒரு பழுதில் அனைத்தும் போகும். ஆதலின் வெவ்வேறு இடங்களில் படிகள் வேண்டும்; வடிவங்கள் பழையனவாகும்போது புதிய வடிவிற்கு மாற்றவும் வேண்டும். யார், எங்கே, எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாத படம் பெயரில்லாத பிணம் போன்றது. இத்தொடர்ந்த கவனிப்புக்குத் தனி மனிதரின் ஆர்வம் மட்டும் போதாது. தலைமுறை கடந்து நிற்கும் நிலையம் தேவை. பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்பு இதுவே.

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். தணிக்கை முடிந்த பழைய ஏடுகள் எடைக்குப் போடப்படுவதும், கரையானுக்கு இரையாவதும் நாம் காணாதவை அல்ல. புட்டாவும் கரையும் வரைந்த கட்டத் தாள்கள், பழைய ஜக்கார்டு அட்டைகள், கூலி உயர்வு கேட்டு எழுதிய மனுக்கள், மகாசபை அறிவிப்புகள் ஆகியவையே நம் ஊர்களின் சரித்திரம். அவற்றை எறியுமுன் நிர்வாகக் குழு ஒரு பட்டியல் எடுக்கட்டும். அருகிலுள்ள கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தாரைக் கலந்து பேசட்டும். கிழிந்த தாளை ஒட்டும் நாடாவால் ஒட்டாமல், உலர்ந்த இடத்தில் வைப்பதே இப்போதைக்குச் செய்யத் தக்க பாதுகாப்பு.

ஏட்டினும் அவசரமானது குரல். ஏடு இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். எண்பது வயது அங்கத்தினர் காத்திருக்க மாட்டார். இன்று கைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாக உதவுகிறது. அவரது இசைவைப் பெற்று, வெளியிடலாகாதவை எவை என்று கேட்டுக் குறித்துக் கொண்டு, சங்கம் பிறந்த நாளையும் பஞ்ச காலத்தையும் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இடையில் குறுக்கிடாமல் கேளுங்கள். கரோலினா நெசவாளர் அச்சத்தால் மௌனமாயிருந்தனர். நம் முதியோருக்கு அவ்வச்சம் இல்லை. கேட்பார் இல்லாமையே குறை. அக்குறையை இம்மாதமே, ஒரு முதியவரிடமேனும் சென்று, நம் அங்கத்தினர் நீக்குவார்களாக.