தனியாகவே போகலாம், டீச்சர்: ரயில், சிறு பட்டணங்கள், சமையல் வகுப்பு

பணி ஓய்வுக்கு ஓரிரு ஆண்டே இருக்கும் ஆசிரியைகளுக்காகவும், ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதுவரை பயணம் என்றால் பிள்ளைகளோடு, இல்லாவிட்டால் கோயில் குழுவோடு. ஒரு பெண் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், "கூட யாரும் வரலையா?" என்றுதான் முதல் கேள்வி வரும். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பதில் சொல்லச் சங்கடப்பட்டே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நம் அம்மாவும் பாட்டியும் விடிவதற்கு முன்பே பால்மரக் காட்டுக்குள் போய், அவரவர் நிரையில் தனியாகத்தான் மரம் சீவினார்கள். அப்போது யாரும் "தனியாவா?" என்று கேட்கவில்லை. வேலைக்கு என்றால் தனியாகப் போகலாம், ஊர் பார்க்க என்றால் கூடாது என்பது என்ன நியாயம்?

தாப்பாவில் இருப்பவர்களுக்கு ரயில்தான் நல்ல வழி. நிலையம் பட்டணத்தில் இல்லை, தாப்பா ரோட்டில் இருக்கிறது. எல்லா இ.டி.எஸ். ரயிலும் அங்கே நிற்பதில்லை. நேரம் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கணும். 60 வயது ஆன மலேசியர்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு, அடையாளக் கார்டு கையில் இருக்கட்டும். முதல் பயணத்துக்குப் பகல் ரயிலே போதும்.

ஈப்போவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். தெலுக் இந்தான் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடியது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து அங்கே தண்டவாளம் போட்டிருந்தார்கள். இப்போது அது இல்லை, கார் அல்லது பஸ்தான். 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைக்கக் கட்டியது. பார்த்துவிட்டுச் சீ சியோங் ஃபன் சாப்பிட்டுத் திரும்பலாம்.

நான் சொல்வேன், தனியாக இரண்டு இரவு தங்க ஏற்ற ஊர் தைப்பிங். ரயில் குவாலா கங்சாரைத் தாண்டியதும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மலைச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வரும். நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் தைப்பிங்கில்தான், 1883-இல் தொடங்கியது. பழைய ஈயச் சுரங்கக் குழிகள்தான் இன்றைய ஏரிப் பூங்கா. கரையோரம் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளை சாய்த்து நிற்கும். காலையில் நடக்க வருபவர்கள் அதிகம், அதனால் தனியாக நடப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். நடையைக் காலையில் முடித்துவிட்டு, மழை நேரத்தை அறையிலோ காப்பிக் கடையிலோ புத்தகத்தோடு கழிக்கலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை என்பதுதான் இதில் பாதி சுகம்.

சமையல் வகுப்புக்குப் பினாங்கு போகணும். பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஃபெரி. ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ மரபுடைமை நகரம். சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பொருள் வாங்கிச் சமைக்கக் கற்றுத்தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். தெலுக் பகாங்கில் டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன் என்ற மூலிகை, வாசனைச் செடித் தோட்டம் இருக்கிறது. கைவிட்ட ரப்பர் தோட்டத்தில் உருவாக்கியது. சமையல் பள்ளியும் வைத்திருக்கிறார்கள். ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் பஸ் அந்தப் பக்கம் போகும்.

"நாற்பது வருஷம் சமைச்சாச்சு, இனிமே காசு கொடுத்துக் கத்துக்கணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாற்பது வருஷமும் சமைத்தது யாருடைய நாக்குக்கு? கணவருக்குக் காரம் கம்மி, மகனுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று அந்த வட்டத்துக்குள்தான். இங்கே நீங்கள் சமைத்ததை நீங்களே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவீர்கள். நம் வீடுகளில் இது எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறது?

பதிவு செய்யுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரே ஆளைச் சேர்த்துக்கொள்வார்களா, குறைந்தது இரண்டு பேர் வேண்டுமா? நாமே சமைக்கணுமா, வேடிக்கை பார்ப்பது மட்டுமா? எத்தனை மணி நேரம் நிற்கணும், நடுவில் உட்கார நாற்காலி உண்டா? முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ரெண்டாங் என்றால் மாட்டிறைச்சியாக இருக்கலாம், கோழியில் செய்வார்களா என்று கேளுங்கள். சைவமாக இருந்தால் பெலாச்சான் இல்லாமல் சம்பால் முடியுமா என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தனியாகத் தங்கினால் செலவு கூடும். அறை வாடகை ஆளுக்கு இல்லை, அறைக்குத்தான். ஆகவே நாளைக் குறைத்து, நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல அறையாக எடுங்கள். மருந்து பெரிய பையில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். சாலையில் நடக்கும்போது கைப்பை கடைப் பக்கமாக இருக்கணும், மோட்டார் சைக்கிள் வரும் பக்கம் வேண்டாம். தினமும் ஒரு நேரம் குறித்து வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். அதற்கு மேல் மணிக்கொரு முறை அழைத்து விசாரித்தால், "நான் வகுப்பில் இருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அது நமக்குப் பழகிய பதில்தானே.

தமிழாசிரியைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நோட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுபோங்கள். லெங்குவாஸ் என்றால் பேரரத்தை, செராய் என்றால் எலுமிச்சைப்புல். புங்கா காந்தான் இஞ்சிக் குடும்பம்தான், ஆனாலும் நம் வாயில் அது புங்கா காந்தான்தான். மலாய்க்காரர் மசாலாவை வதக்கும்போது 'பெச்சா மின்யாக்' என்பார். நம் அம்மா 'எண்ணெய் பிரிஞ்சு வரணும்' என்று சொன்ன அதே பதம். கறி, ஆப்பம், கடை மூன்றும் தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள். செய்முறை விளக்கம் எழுதச் சொல்லித்தரும்போது, 'நறுக்கு, இடி, அரை, வதக்கு, கொதிக்க விடு' என்ற வினைச்சொற்களை ஐந்து படங்களோடு காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அந்தப் படங்களை நீங்களே எடுத்து வரலாம். ஓய்வு பெற்றவர் என்றால், அவற்றை இந்த மடலுக்கு அனுப்புங்கள். வகுப்பில் பயன்படுத்த நாங்கள் இருக்கிறோம்.