ஊசிப்போன சாம்பாரில் அரை வோல்ட்!

‘‘ஏங்க, முந்தாநாள் சாம்பார் நுரைச்சுக்கிட்டு நிக்குது. கொட்டிடட்டுமா?’’ என்றாள் தர்மபத்தினி.

‘‘இரு, இரு... அது கரண்ட்!’’ என்றேன். அவள் பார்த்த பார்வையில்தான் நிஜ கரண்ட் இருந்தது.

நான் பி.காம். சயன்ஸ் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். இது மட்டும் பேரேடு மாதிரி இருந்ததால் புரிந்துவிட்டது.

சாக்கடைத் தண்ணீரின் அழுக்கை பாக்டீரியாக்கள் தின்கின்றன. தின்றபின் எலெக்ட்ரான்களை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். வழக்கமாக வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால்? சில ரகங்கள் பக்கத்திலுள்ள கார்பன் தகட்டில் கொண்டுபோய்க் கொட்டும். அங்கிருந்து ஒயர் வழியாக, காற்றுப் படும் இன்னொரு தகட்டுக்கு ஓடினால் அதுதான் கரண்ட். தண்ணீரில் அழுக்கும் குறையும். பெயர், நுண்ணுயிர் எரிபொருள் செல்.

1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டை வைத்து இப்படிக் கரண்ட் எடுத்துக் காட்டினார். 2013-ல் பிரிஸ்டல் விஞ்ஞானிகள் சிறுநீரை ஊற்றி செல்போனுக்கே சார்ஜ் ஏற்றினார்கள். 2015-ல் அங்கே யுனிவர்சிட்டியில் வைத்த கழிப்பறையில், வந்தவர்கள் செலுத்திய ‘காணிக்கை’யிலேயே விளக்கு எரிந்தது!

‘அப்ப ஈ.பி. பில் கட்ட வேணாமா?’ பொறுங்க சார்! ஒரு செல் தருவது சுமார் அரை வோல்ட். டார்ச் பேட்டரிகூட ஒன்றரை வோல்ட். வரவுப் பக்கம் பார்த்தால் நஷ்டக் கம்பெனி.

செலவுப் பக்கத்தைப் புரட்டுங்கள். சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களில் பாக்டீரியாவுக்காக ராத்திரி பகலாகக் காற்று ஊதுகிறார்கள். பல இடங்களில் கரண்ட் செலவில் சுமார் பாதி இதற்கே! நம்ம ஆளுக்கு ஊத வேண்டாம். மிஞ்சும் சகதியும் குறைவு. மிச்சம் பிடித்ததும் சம்பாதித்ததுதானே?

இன்னொரு லாபம். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்து வைத்திருக்கிறது. இரண்டாவது தகட்டில் காற்றுக்குப் பதில் குரோமியத் தண்ணீரை விட்டால், வரும் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு அதன் கொடிய ரகம், விஷம் குறைந்த ரகமாக மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் நிரூபித்த சங்கதி.

தடை? தகடுகளின் விலை. தொட்டியைப் பெரிசாக்கினால் அதே விகிதத்தில் கரண்ட் ஏறுவதுமில்லை. முதல் போட ஆள் யோசிக்கிறது. ஆனால் கிணறு கெட்டுப்போன வீட்டுக்காரர் தினம் குடத்துக்குக் கொடுக்கிற காசை எந்தக் கணக்கில் எழுதுவது?

‘‘கணக்கெல்லாம் சரி, சாம்பார் பாத்திரத்தை யார் தேய்க்கிறது?’’

செலவுப் பக்கம் எப்பவும் என் பேரில்தான்!