கட்சி கைவிட்டவர் கண்ட வெற்றி

ஜனாதிபதி பதவிக்குத் தங்கள் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைக் கட்சியின் சாதாரண ஆதரவாளர்களே வாக்களித்து நிர்ணயிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. மாநிலம் மாநிலமாக நடைபெறும் அந்த முதற்கட்டத் தேர்தல்களில், பணமும் பதவியும் பெரிய மனிதர்களும் ஒரு பக்கம் திரண்டு நிற்க, இளம் தொண்டர்களை மட்டும் நம்பி இறங்கிய ஒருவர் படிப்படியாக முன்னேறிப் பெரிய தலைகளைக் கலங்கச் செய்வதும் உண்டு. 1968 மார்ச் மாதத்தில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் போட்டியிட்ட யூஜீன் மெக்கார்த்தி என்ற செனட்டர் பதவியிலிருந்த ஜனாதிபதி ஜான்சனை வெல்லவில்லை. சுமார் 42 சதவீத வாக்குகளே பெற்றார். ஆயினும் அந்த மாதம் முடிவதற்குள் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

நம் நாட்டில் ஜனாதிபதி அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் காரியம் கட்சித் தலைவர்கள் நாலைந்து பேர் கூடிய அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்த அறைக்குள் எழுந்த சச்சரவு அடங்காமல் வெளியே வந்து, தேசம் முழுவதும் பார்த்திருக்க, கட்சி கைவிட்ட ஒருவரை ராஷ்டிரபதி பவனத்தில் கொண்டுபோய் அமர்த்திய அதிசயம் ஒரே ஒருமுறை நிகழ்ந்தது. அது 1969ஆம் ஆண்டு. அந்த மனிதர் வி.வி. கிரி.

அவ்வாண்டு மே மாதம் 3ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். உபஜனாதிபதியாக இருந்த கிரி அப்பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார். ஜூலை மாதம் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டில், பிரதமர் இந்திரா காந்தி விரும்பிய ஜகஜீவன்ராமை ஒதுக்கிவிட்டு, காமராஜ், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், சவாண் ஆகிய நால்வரும் நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு வாக்களித்து அவரையே கட்சியின் அபேட்சகராக்கினார்கள். சிண்டிகேட் என்று பத்திரிகைகள் பெயரிட்டழைத்த மூத்த தலைவர்களின் கை அன்று ஓங்கியிருந்தது. கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுப் பிரதமரும் ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். பார்லிமெண்டிலும் மாநிலச் சட்டசபைகள் பலவற்றிலும் பெரிய கட்சியாக விளங்கிய காங்கிரஸின் அதிகாரபூர்வ அபேட்சகர் தோற்பார் என்று அன்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கக்கூடியவர் சிலரே.

அந்தக் கட்சியை எதிர்த்துத் தன்னந்தனியே, சுயேச்சையாக நிற்கத் துணிந்தார் கிரி. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பெர்ஹாம்பூரில் 1894இல் பிறந்து, சட்டம் பயில அயர்லாந்து சென்று, அங்கே ஐரிஷ் விடுதலை இயக்கத்தோடு கொண்ட தொடர்பால் 1916இல் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்து, தாயகம் திரும்பியபின் ரயில்வேத் தொழிலாளர்களைத் திரட்டுவதையே ஜீவிய விரதமாகக் கொண்டவர் அவர், அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராக இருமுறை இருந்தவர். பலசாலிகளை எதிர்த்து நிற்பதும் அவருக்குப் புதிதல்ல. 1937 தேர்தலில், மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்த ஊராகிய பொப்பிலியிலேயே தோற்கடித்து, ராஜாஜியின் மந்திரிசபையில் தொழில் மந்திரியாக அமர்ந்தார். பிற்பாடு நேருவின் மந்திரிசபையில் தொழிலாளர் நலப் பொறுப்பை வகித்தபோது, பாங்கு ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசாங்கமே திருத்திக் குறைத்ததைப் பொறாமல் 1954இல் ராஜினாமாச் செய்தார்.

பாங்கு ஊழியர்களின் பொருட்டுப் பதவி துறந்த அதே மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1969 ஜூலை 19ஆம் தேதி, பதினான்கு பெரிய பாங்குகளைத் தேசவுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் தற்காலிக ஜனாதிபதி என்ற முறையில் கையொப்பமிட்டார். மறுநாளே பதவியை உதறிவிட்டுத் தேர்தல் களத்தில் இறங்கினார். பிரதம நீதிபதி இதாயத்துல்லா தற்காலிக ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றார். முற்போக்கு, பிற்போக்கு என்ற இரு சொற்களும் அக்காலத்தில் மேடைதோறும் ஒலித்தன. பாங்குச் சட்டம் பிறந்த அந்த ஒரு வாரத்தில், கட்சித் தலைவர்களின் உட்பகையாக ஆரம்பித்த விவகாரம் கொள்கைப் போராட்டத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டது. கிரியின் பக்கம் முதலில் சேர்ந்தவை கம்யூனிஸ்டுக் கட்சிகளும், அண்ணா மறைந்து ஆறே மாதங்கள் ஆகியிருந்த திராவிட முன்னேற்றக் கழகமும், அகாலி தளமும் ஆகும். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும், ரிசர்வ் பாங்கின் முன்னாள் கவர்னராகிய சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின.

இந்தக் கட்டத்தில் சிண்டிகேட் செய்த ஒரு காரியமே கிரியின் பலத்தைப் பன்மடங்காக்கிற்று. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, தேஷ்முக்கை ஆதரித்த இரு கட்சிகளின் இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குத் தேடி, அக்கட்சிகளின் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். ரெட்டியைக் கைவிடப் பிரதமர் எதிர்பார்த்திருந்த சாக்கு அதுவே. கட்சி தன் கொள்கையைப் பிற்போக்குச் சக்திகளிடம் அடகு வைத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அங்கத்தினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற கோஷம் பிறந்தது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இரகசியமாதலால் அந்தக் கோஷத்துக்குச் செவிசாய்ப்பதில் எவருக்கும் அபாயமில்லை. வாக்குப்பதிவுக்கு ஆறு நாட்களுக்கு முன் எழுபத்தைந்து வயது நிறைந்த கிரி, கட்சிக் கொடி ஏதுமின்றிக் காங்கிரஸின் உள்ளேயே வாக்குச் சேர்த்தார்.

இந்தத் தேர்தலின் கணக்கு விசித்திரமானது. சென்னையை அடுத்த பொழிச்சலூரில் வசிக்கும் ஒருவர் தம் ஊராட்சித் தலைவரையும், சட்டமன்ற உறுப்பினரையும், லோக்சபை உறுப்பினரையும் நேரே தேர்ந்தெடுக்கிறார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அவர் அனுப்பிய பிரதிநிதிகளே அவருக்காக வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கின் மதிப்பும் ஒன்றல்ல. மாநிலத்தின் ஜனத்தொகையைச் சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை வைத்துத் தமிழகத்துக்கு அன்று 144. பொழிச்சலூருக்கு அண்மையிலுள்ள பரங்கிமலைத் தொகுதியின் அந்நாள் உறுப்பினர் எம்.ஜி. ராமச்சந்திரனுடைய ஒரு சீட்டுக்கும் அதே 144தான் எடை. பார்லிமெண்டு உறுப்பினர் ஒருவரின் சீட்டுக்கு அன்று எடை 576. வாக்காளர் ஒவ்வொருவரும் அபேட்சகர்களுக்கு முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை எண் இடலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிட்டால், கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்ப்பார்கள்.

ஆகஸ்டு 16ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. 20ஆம் தேதி எண்ணினார்கள். முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. ஜயிக்கத் தேவையானது 4,18,169. தேஷ்முக்கின் சீட்டுகளைப் பிரித்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிஜலிங்கப்பா விரும்பியபடியே ரெட்டியிடம் சென்று குவிந்தன. எனினும் கிரி அந்த எல்லையை 1,908 புள்ளிகளில் தாண்டிவிட்டார். இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

இந்த 14,650 என்ற எண்ணைத் தமிழர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். 1967 தேர்தலில் தி.மு.க. லோக்சபையில் வென்ற இடங்கள் 25. அவற்றின் எடை மட்டும் 14,400. சட்டமன்றத்தில் வென்ற 137 இடங்களின் எடையையும் கூட்டினால் 34,000க்கு மேலாகிறது. தமிழகத்தின் பெருந்தலைவர் காமராஜ் ரெட்டியைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். கிரி கரையேறியதோ தமிழகத்தின் ஆளுங்கட்சி தந்த வாக்குகளின்றி நிகழ்ந்திருக்க முடியாத காரியம்.

ஆகஸ்டு 24ஆம் தேதி கிரி பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சுயேச்சையாக நின்று ஜனாதிபதியானவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆயினும் வெற்றியைச் சுற்றிலும் நிழல்களும் இருந்தன. ரெட்டியை இழிவுபடுத்தும் அநாமதேயத் துண்டுப் பிரசுரம் ஒன்று பார்லிமெண்டு உறுப்பினர்களிடையே உலவியதைக் காரணமாகக் காட்டித் தேர்தல் வழக்குத் தொடரப்பட்டது. பதவியிலிருக்கும் ஜனாதிபதியே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்தார். வழக்கு 1970இல் தள்ளுபடியாயிற்று. கட்சிக்குள் விழுந்த விரிசலோ மூடவில்லை. நவம்பரில் இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

பின்வரிசையிலிருந்து முன்னேறி வந்தவரின் கதையை வெற்றி தினத்தோடு முடித்துவிடுவது சரித்திரத்துக்குச் செய்யும் நியாயமாகாது. 1974 மே மாதம், ஒரு காலத்தில் கிரி தோற்றுவிக்க உதவிய அதே ரயில்வே சம்மேளனம், ஜார்ஜ் பெர்னாண்டஸின் தலைமையில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. சுமார் 17 லட்சம் ஊழியர்கள் சம்பந்தப்பட்ட அந்தப் போராட்டத்தை, ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் அடைத்து, ஊழியர் குடியிருப்புகளில் நெருக்கடி கொடுத்து, இருபது நாட்களில் அரசாங்கம் முறியடித்தது. அப்போது ஜனாதிபதியாக வீற்றிருந்தவர் கிரியே. மந்திரிசபையின் யோசனைப்படி நடக்க வேண்டிய அந்த ஸ்தானத்தில் அவர் செய்யக்கூடியது சொற்பம் என்பது உண்மை. அந்த ஸ்தானத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது பிரதமரின் செல்வாக்கு என்பதும் அவ்வளவே உண்மை.

கிரியின் தகுதி அவரைக் களத்துக்குக் கொண்டுவந்தது. பெரியவர்களின் பிணக்கும், இரகசிய வாக்கும், தோழமைக் கட்சிகளின் எடையும் அவரைக் கரை சேர்த்தன. கரை சேர்த்தவர்களின் நிழலிலேயே அவர் ஐந்தாண்டுகளும் இருந்தார் என்பதே என் முடிவு. முற்போக்காளர் ஒருவர் முன்னேறுகிறார் என்ற செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அவர் யார் தோளில் ஏறி வருகிறார் என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் சீட்டுக்கு இன்று மதிப்பு 176. அது நம் ஜனத்தொகையால் வந்த மதிப்பு. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வரும்போது, பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ உங்கள் உறுப்பினரைச் சந்தித்தால், அந்த 176 யாருக்கு, எதற்காக என்று கேட்கத் தயங்காதீர்கள்.