அருங்காட்சியகங்களின் கதை - 9: பத்துக்கு ஒன்றா, பாதிக்குப் பாதியா?

வாஷிங்டன் நகரின் நடுவே, வெண்கல நிறத்தில் மூன்றடுக்குக் கிரீடம் போல நிற்கிறது ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம். அது திறக்கப்பட்டது 2016 செப்டம்பரில். தங்கள் இனத்துக்கு அந்நகரில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று கறுப்பினப் போர்வீரர்கள் கேட்கத் தொடங்கியதோ 1915இல். இந்த நூறாண்டுத் தாமதத்துக்கு நிறவெறிதான் மூலகாரணம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வெறி எப்போதும் ‘முடியாது’ என்று வாய்திறந்து சொன்னதில்லை. ஒருமுறை, ‘சரி’ என்று சட்டமே போட்டுக் கொடுத்தது. 1929 மார்ச் 4 அன்று, பதவியிலிருந்து இறங்கும் நாளில், அதிபர் கூலிட்ஜ் அதில் கையெழுத்திட்டார். மக்கள் ஐந்து லட்சம் டாலர் திரட்டிவிட்டு வந்தால் அரசு ஐம்பதாயிரம் தரும் என்பது நிபந்தனை. பத்துக்கு ஒன்று! அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. ஒரு செங்கல்கூட எழும்பவில்லை.

2003இல் வந்த சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. அரசு பாதி, நன்கொடை பாதி. மொத்தச் செலவான 54 கோடி டாலரில் 27 கோடி அரசுடையது. அடிமைகளின் உழைப்பில் செழித்த நாடு முழுத் தொகையையும் கொடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அறத்தின் கணக்குப்படி நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால், கொடுத்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஓர் உரிமை வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2005இல் இயக்குநராக வந்த லானி பஞ்சுக்கு அப்போது நிலம் கிடையாது, காட்சிக்கு வைக்க ஒரு பொருள் கிடையாது. அவருடைய குழு ஊர் ஊராகப் போய், பரணிலும் பெட்டியிலும் கிடந்ததை எடுத்துவரச் சொன்னது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவில்லை, பழைய துணியையும் புகைப்படத்தையும் கெடாமல் வைத்திருக்கும் முறையைச் சொல்லியும் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பிறகு கிடைத்தவைதான் எத்தனை! தான் தப்பித்ததோடு நில்லாமல் பிற அடிமைகளையும் மீட்டுவந்த ஹாரியட் டப்மனின் சால்வையை, வரலாற்றுச் சேகரிப்பாளர் சார்லஸ் பிளாக்சன் ஒரு காசு வாங்காமல் தந்தார்.

பெரும் பணக்காரர் கொடுத்தால் அவர் சொன்னதுதான் வரலாறு ஆகிவிடாதா என்ற அச்சமும் பொய்யில்லை. ஓப்ரா வின்ஃப்ரே 2.1 கோடி டாலர் கொடுத்தார். அங்குள்ள அரங்குக்கு அவர் பெயர். ஆனால் பாதிச் செலவை அரசு ஏற்ற இடத்தில், எந்தத் தனிமனிதர் தொகையும் கட்டடத்தின் கழுத்தைப் பிடிக்கும் அளவுக்குப் பெரிதில்லை. தனியார் பங்கு முழுதும் சேருமுன்பே 2012 பிப்ரவரியில் வேலை தொடங்க முடிந்ததும் அந்தப் பாதியின் பலத்தில்தான். மறுஆண்டு நவம்பரில், கறுப்பர்க்குத் தனி இருக்கை ஒதுக்கிய பழைய ரயில் பெட்டியையும், லூசியானாவின் அங்கோலா சிறைக் காவல் கோபுரத்தையும் கிரேன் வைத்துப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். சுவரும் கூரையும் அவற்றைச் சுற்றி அதற்குப் பிறகே எழும்பின. இனிக் கட்டடத்தை இடிக்காமல் அந்த இரண்டையும் யாராலும் வெளியே எடுத்துவிட முடியாது.